வரவேற்புரை இன்னும் முடியவில்லை

ஒரு குடியிருப்பின் நீச்சல் குளம் மழைக்காலம் முழுக்கப் பச்சைப் பாசியாய்க் கிடந்தது. அங்கே தவளைகள் வைத்ததுதான் சட்டம். பங்குனி பிறந்ததும், கோடைக்குக் குளத்தைக் கழுவ வந்தவர்கள் மோட்டாரை இறக்கித் தண்ணீரை உறிஞ்ச விட்டார்கள்.

ஒல்லித் தவளை பதறியது. "அண்ணே, குடியிருக்க இடமில்லாமப் போயிடும்! மிதக்கிற பாதாம் இலையெல்லாம் மோட்டார் வாயில திணிச்சா அடைச்சுக்கும்."

"நிஜம்தான்," என்று மோட்டாரே உறுமியது. "போன வருஷம் அப்படித்தான் எரிஞ்சு போனேன்."

"முதல்ல முறைப்படி கண்டனக் கூட்டம்," என்றது பெரிய தவளை. படியேறித் தொண்டையை உப்பவைத்தது. "அவைத்தலைவர் அவர்களே, பாசிப் பகுதிப் பொறுப்பாளர் அவர்களே, வழுக்குப்படி வட்டச் செயலாளர் அவர்களே..."

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பாதாம் இலை பொன்னாடையாகத் தோளில் ஏறியது.

"அண்ணே, தண்ணி முழங்காலுக்கு இறங்கிடுச்சு! இலையைக் கழட்டிக் குடுங்க!"

"போர்த்தின பொன்னாடையைக் கழட்டுறதா? மரியாதை என்னடா ஆகுறது?"

மற்றவையும் தத்தம் இலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

கடைசி மிடறையும் உறிஞ்சிவிட்டு, மோட்டார்தான் நன்றியுரை சொன்னது.