முள் எந்த நம்பரில் நிற்கிறது?

“நான் பார்க்கமாட்டேன்னு சொன்னேன் சார். ரெண்டாவது தடவையும் கேட்டாரு. பார்த்தேன். அது என் தப்புதான்.”

தியோடர் கோர்ட்டில் சொன்னது இதே வார்த்தைகள்தானா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. எட்டு வருஷம் ஆகிவிட்டது. கூண்டில் நின்ற அவனுக்கு அப்போது வயது பதினெட்டு, லைசென்ஸ் வாங்கி நான்கு மாதம், கோர்ட்டில் நானும் இருந்தேன். இவ்வளவும் நிச்சயம்.

அவன் காக்ஸ் டவுன் பையன். அப்பா ஓஸ்வால்டும் டிரைவர்தான். ஒருநாள் பழைய கார் ஒன்றைக் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பும்போது, கைப்பிடி திருப்பி அடித்து அவருடைய மணிக்கட்டு முறிந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான்கு பேர் சாப்பிட்டது தியோடரின் சம்பளத்தில். லைசென்ஸ் போனால் அதுவும் போகும்.

முதலாளி ஆராவமுதன் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். யுத்தம் ஆரம்பித்த மாதம் புதுக் கார் வாங்கினார். பட்டனை அழுத்தினால் கிளம்பும். மழையைத் துடைக்க ஒரு கை தானாக ஆடும். திரும்பும்போது பக்கவாட்டில் விளக்கோடு இன்னொரு கை எழுந்து நிற்கும். தியோடர் அவற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். அப்பாவை அழைத்து வந்தும் காட்டினான்.

அடுத்த வாரம் ஆராவமுதன் காரில் ரேடியோ பொருத்தச் சொன்னார். அன்றுதான் அவனுக்குக் கோபம் வந்தது.

“பட்டன் அன்னிக்கே இருந்திருந்தா எங்கப்பா கை தப்பியிருக்கும் சார். மழை துடைக்கிறது கண்ணைக் காப்பாத்துது. இது எதைக் காப்பாத்தும்?”

“நீ ஓட்டு. நான் கேட்டுக்கறேன். உன்னை யார் கேக்கச் சொன்னா?”

“எனக்கும் காது இருக்கே சார். கண்ணு ரோட்டுல, காது சீமையில இருந்தா பிரேக்கு யார் பேச்சைக் கேக்கும்?”

ஆராவமுதன் சிரித்துவிட்டார். நண்பர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ரேடியோ வந்து உட்கார்ந்தது.

அக்டோபரில் ஒரு சாயங்காலம். கார் அடுகோடியைத் தாண்டி ஓசூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. ஆராவமுதன் முன் சீட்டில் தியோடருக்குப் பக்கத்தில் இருந்தார். யுத்தச் செய்தி நேரம். ரேடியோ கொரகொரத்ததே தவிரப் பேசவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். ரேடியோ முள் எந்த நம்பரில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி தியோடரிடம் சொன்னார். ஓட்டும்போது பார்க்கமாட்டேன் என்றான். மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை முதலாளியின் குரலில்.

தியோடர் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது ரங்கா என்ற வண்டிக்காரரின் ஜட்கா எதிரே இருந்தது. குதிரை அங்கேயே செத்தது. ரங்காவின் இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

கோர்ட்டில் சர்க்கார் வக்கீல் அதிகம் பேசவில்லை. புதுப் பொம்மை கையில் கிடைத்தால் இந்த வயதுப் பையன்கள் ரோட்டையா பார்ப்பார்கள் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். பின்னால் சிலர் தலையாட்டினார்கள்.

தியோடரின் முகம் சிவந்தது. “அந்தப் பொம்மை வேணாம்னு சொன்னவன் நான் ஒருத்தன்தான் சார். எல்லாரும் சிரிச்சாங்க. இப்ப நான்தான் பொம்மைக்கு ஆசைப்பட்டவனா?”

மாஜிஸ்டிரேட் மேஜையைத் தட்டினார். அவன் மூச்சு வாங்கினான். அப்புறம்தான் நடந்ததைச் சொல்லி, தன் தப்பையும் ஒத்துக்கொண்டான். கடைசியாக ஒன்று கேட்டான்.

“எனக்குத் தண்டனை குடுங்க சார். பார்க்கச் சொன்னது யாருன்னும் சேர்த்து எழுதுங்க.”

மாஜிஸ்டிரேட் ஆராவமுதன் பக்கம் திரும்பினார். ஓடும் காரில் முள்ளைப் பார்க்கும்படி இவனிடம் சொன்னீர்களா என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு சொல் வந்திருந்தால் அபராதத்தோடு முடிந்திருக்கும், லைசென்ஸ் தப்பியிருக்கும் என்று கோர்ட் குமாஸ்தா பிறகு சொன்னார்.

ஆராவமுதன் கைக்குட்டையை மடித்தார். பிரித்தார். திரும்ப மடித்தார். ஓஸ்வால்ட், வளைந்துபோன கையால் தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அவருடைய வாயையே பார்த்தபடி நின்றார்.

“சரியா ஞாபகம் இல்லை.”

அந்த மூன்று வார்த்தைகளுக்காக அந்த மனிதரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

தியோடர் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கத்தவில்லை. கூண்டிலிருந்து இறங்கி ஆராவமுதனைக் கடந்து போகும்போது ஒரு கணம் நின்றான்.

“நூத்தி நாப்பதுல நின்னுச்சு சார். கேட்டீங்களே.”

தியோடரின் லைசென்ஸ் ரத்தாயிற்று. இப்போது காக்ஸ் டவுனில் ஒரு பேக்கரியில் மாவு பிசைகிறான். பிறகு அவன் ஸ்டீயரிங்கைத் தொடவேயில்லை. ஓஸ்வால்ட் யுத்தம் முடிவதற்குள் இறந்துபோனார். ரங்கா அடுகோடியில் கட்டைக் காலோடு பீடிக்கடை வைத்திருக்கிறார். ஆராவமுதன் காரை விற்றுவிட்டார். ரேடியோவை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார். அது இப்போது என் எதிரே மேஜைமேல் இருக்கிறது, முள் நூற்று நாற்பதில்.

ஆராவமுதன் நான்தான். எனக்கு எல்லாம் சரியாக நினைவிருக்கிறது.