பதினோராவது ஜோடி

அமெரிக்காவில் ஒரு வீட்டில் பத்துப் பேருக்கு மேல் கூடினால் அனுமதி வாங்க வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு வந்த முதல் பொங்கல். சுகந்தி தன்னையும் சேர்த்துப் பத்துப் பேர் வரும்படி எண்ணித்தான் அழைத்திருந்தாள். பால் பொங்கி வரும் நேரத்தில், அரசாங்கம் மாட்டிவிட்டுப் போன வாசல் கேமரா பேசியது.

"வெளியே பதினொரு ஜோடிக் காலணிகள் உள்ளன. பதினோராவது நபர் உடனடியாக வெளியேற வேண்டும்."

பக்கத்து வீட்டு ரேவதி பதறினாள். "அந்த ஷூவ உள்ள எடுத்து வச்சிரு சுகந்தி. எதுக்கு வம்பு?"

சுகந்தி கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போனாள். ஓரத்தில் பனி படிந்து கிடந்த ஷூவை எடுத்துக் கேமராவுக்கு நேரே நீட்டினாள்.

"நல்லாப் பாரு. இது என் வீட்டுக்காரர் ஷூ. ஊர்வலத்துல போனார்னு, கதவத் திறந்த மனுஷனை வெறுங்காலோட இழுத்துட்டுப் போனீங்க. எந்த ஜெயில்னு கேட்டா, அப்படி ஒரு ஆளே எங்ககிட்ட இல்லைங்கறீங்க. இப்ப மட்டும் எப்படி அவர் கணக்குல வந்தார்?"

"பதினோராவது நபர் உடனடியாக வெளியேற வேண்டும்."

"அதத்தான்டா நானும் சொல்றேன்," என்று கத்தினாள் சுகந்தி. "அவரை வெளிய விடுங்க!"