முதல் நாலு லட்சம்

"எதுவும் செய்யல."

ரெண்டே வார்த்தை. அதோட எல்லாம் குட்டிச்சுவராப் போச்சு.

லைவ் ஓடிட்டிருக்கு. முன்னூத்திச் சொச்சம் பேர் பாக்கறாங்க. அட்டைப்பெட்டிக் கம்பெனி ரிசப்ஷன் சோஃபால இந்தப் பக்கம் முதலாளி, அந்தப் பக்கம் கட்டிங் மெஷின்காரரோட சம்சாரம். "சொல்லுங்கம்மா, நம்ம கம்பெனி உங்களுக்கு என்ன செஞ்சிருக்கு?"ன்னு முதலாளி தேனொழுகக் கேட்டதுக்கு வந்த பதில்தான் அது.

போனைப் பிடிச்சிருந்த, அதே கம்பெனியோட டிசைனர் பொண்ணுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. டக்குனு லைவை நிறுத்திட்டா.

நிறுத்தி என்ன பண்றது? கமென்ட் கொட்ட ஆரம்பிச்சாச்சு.

"நாலு லட்சம் குடுத்த மனுஷன் மூஞ்சில கரியப் பூசிட்டாளே."

"நான் போட்ட காசைத் திருப்பிக் குடுங்க."

இத்தனைக்கும் அந்த நிதி திரட்டற பக்கத்தை ஆரம்பிச்சது டிசைனர்தான். மெஷின்காரருக்குக் கல்லீரல் போயிடுச்சு. ஆபரேஷனுக்குப் பதினஞ்சு லட்சம். நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள முழுசாக் கட்டினாத்தான் ஆபரேஷன் தியேட்டருக்குள்ள கொண்டுபோவோம்னு ஆஸ்பத்திரில கறாராச் சொல்லிட்டாங்க.

முதல் நாலு நாள் பக்கம் ஈ ஓட்டுச்சு. போட்டோவ மாத்தினா, தலைப்ப மாத்தினா, ராவும் பகலும் ஷேர் பண்ணினா. ம்ஹூம். வெறுந்தட்டுல எவன் காசு போடுவான்? அப்புறம்தான் முதலாளி ரூம் வாசல்ல போய் நின்னா.

"சார், நீங்க முதல்ல ஒரு தொகை போட்டீங்கன்னா மத்தவங்களுக்கும் நம்பிக்கை வரும் சார்."

"பாக்கறேன்மா"ன்னார்.

மறுநாள் காலைல பாத்தா நாலு லட்சம். பக்கத்துல அவர் பேரு, கீழ ஒரு வரி: 'இவர் எங்கள் குடும்பத்தில் ஒருவர்.' அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி ஆச்சு. பேப்பர் சப்ளையர், பெட்டி வாங்கற கடைக்காரங்க, லாரி ஆபீஸ்னு ஆளாளுக்குப் போட்டு, பன்னெண்டு லட்சத்துல வந்து நிக்குது. முதலாளியோட ஒரு லைவ் போட்டா மீதி மூணும் வந்துரும்னு பாத்தா, இப்படி.

டிசைனர் அந்தம்மாவக் கையப் பிடிச்சு இழுத்துட்டு ஸ்டோர் ரூமுக்குள்ள போனா.

"அக்கா, உங்களுக்குப் புத்தி கித்தி பிசகிப் போச்சா? அண்ணன் அங்க உசுருக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்காரு. இங்க உங்களுக்கு என்ன வீம்பு?"

அந்தம்மா அடுக்கியிருந்த அட்டையவே பாத்துட்டிருந்துச்சு.

"நன்றின்னு ஒரு வார்த்தை. அது கூடவா வாய்ல வராது? நாலு லட்சம்க்கா. உங்க சொந்தக்காரங்க யாராவது நாலாயிரம் குடுத்தாங்களா?"

"குடுக்கல."

"பின்ன?"

அந்தம்மா அட்டைலேர்ந்து கண்ண எடுத்து அவளைப் பாத்துச்சு.

"பாப்பா, இப்பப் போய் நன்றி சொன்னா மீதி வந்துருமா?"

"வரும்க்கா."

"நிச்சயமா?"

"என்னை நம்புங்க."

அந்தம்மா குழாயடில மூஞ்சியக் கழுவுச்சு. முந்தானையால தொடச்சுக்கிட்டு, விறுவிறுன்னு போய் அதே சோஃபால உக்காந்துச்சு.

மறுபடியும் லைவ். இப்ப ஆயிரம் பேருக்கு மேல. சண்டைன்னா கூட்டத்துக்குச் சொல்லவா வேணும்?

"மனசு சரியில்லாம ஏதோ சொல்லிட்டேன். எல்லாரும் மன்னிச்சுக்கங்க. ஐயா இல்லன்னா என் வீட்டுக்காரருக்கு நாதி இல்ல. அவரு எங்களுக்குச் சாமி மாதிரி."

எந்திரிச்சு ரெண்டு கையாலயும் கும்பிட்டுச்சு. முதலாளி கர்ச்சீப்பால கண்ணத் தொடச்சுக்கிட்டார்.

சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பதினஞ்சு லட்சம் நெறைஞ்சிடுச்சு.

டிசைனர் ஓடிப் போய் அந்தம்மாவக் கட்டிக்கிட்டா. "பாத்தீங்களா? ஒரு கும்பிடு. இதுக்கா அவ்வளவு அடம்?"

அந்தம்மா சிரிக்கல. பைக்குள்ள கைய விட்டு நாலா மடிச்ச காகிதம் ஒண்ணை எடுத்துச்சு.

"கம்பெனில இருந்து காலைல வீட்டுக்கு வந்துச்சு. இந்த ஆபீஸ் பாஷை எனக்குப் பிடிபடல பாப்பா. நான் புரிஞ்சுக்கிட்டது தப்பா இருக்கணும்னு நாள் பூரா வேண்டிக்கிட்டிருக்கேன். நீ படிச்சுச் சொல்லு."

டிசைனர் படிச்சா. நம்ப முடியாம இன்னொரு தடவை படிச்சா.

'நீண்ட நாட்களாகப் பணிக்கு வராததால், தங்கள் கணவர் பணியிலிருந்து நீக்கப்படுகிறார். அவருடைய பதினாறு வருட சர்வீஸுக்குச் சேர வேண்டிய தொகை ரூபாய் நான்கு லட்சம், குடும்ப நலன் கருதி, நிதி திரட்டும் பக்கத்திலேயே நேரடியாகச் செலுத்தப்பட்டுவிட்டது. இனி எந்தப் பாக்கியும் இல்லை.'

"என்ன பாப்பா போட்டிருக்கு?"

"நீங்க சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டிருக்கீங்கக்கா." அப்புறம் வேகமா, "நான் இதை இப்பவே அந்தப் பக்கத்துல போடறேன்"னா.

அந்தம்மா காகிதத்தை வெடுக்குனு பிடுங்கிக்கிச்சு.

"போட்டா ஆளாளுக்குக் காசத் திருப்பிக் கேப்பாங்க. காலைல பத்து மணிக்குள்ள பணம் கட்டியாகணும். வாயத் திறக்காத."

டிசைனர் வாயத் திறக்கல. கையில இருந்த போன்ல கமென்ட் மட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சு. 'இப்படி ஒரு முதலாளி கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்.'

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா? உங்க காசையே எடுத்து உங்களுக்குத் தானம் பண்ணிட்டு, உங்ககிட்டயே கும்பிடும் வாங்கிட்டுப் போனவங்க யாராவது இருக்காங்களா?