சேனல் ஒன்பது

யார் வேண்டுமானாலும் தோன்றிப் பேச ஊருக்கென்று ஒரு டிவி சேனல் தொடங்கலாமா என்று எங்கள் நகரமன்றம் செவ்வாய் மாலை வாக்கெடுக்க இருந்தது. திங்களன்றே அந்தச் சேனல் எங்கள் வீட்டு டிவியில் ஒன்பதாம் எண்ணில் தெரிந்தது. அதில் மறுநாள் நடக்கவேண்டிய கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஏழு பேரில் நால்வர் கையுயர்த்தினார்கள். பிறகு மேயர், என் மனைவி லொரெய்னுக்காக எல்லாரையும் எழுந்து மௌனமாக நிற்கச் சொன்னார்.

செவ்வாயன்று கூட்டத்தில் எனக்குத் தந்த மூன்று நிமிடமும் சேனல் வேண்டாமென்று கெஞ்சினேன்.

"டிவி யாரையும் கடிக்காது, வெண்டெல்!" என்று மேயர் சிரித்தார்.

லொரெய்ன் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மானத்த வாங்காம உக்காரு. அதுல நான் ஆப்பிள் பை சுட்டுக் காட்டப் போறேன்."

நான்காவது கை உயர்ந்தது. லொரெய்ன் என் மேல் சரிந்தாள்; நாடி பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார். மேயர் எல்லாரையும் எழச் சொன்னார். லொரெய்ன் எழவில்லை. அவள் விரல்கள் மட்டும் என் சட்டையை விடவில்லை.