குரல்காரன்

“கொஞ்சம் சும்மா இருங்க. அவரு பேசறாரு,” என்றாள் என் மனைவி.

நான் பேசவே இல்லை. தொண்டையைத்தான் செருமினேன்.

மருத்துவமனையில் காத்திருக்கும் அறை. மூலையில் இருந்த ஒலிபெருக்கியில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் இன்னும் சிலர் இருந்தார்கள். அவள் தலையை ஒருபக்கம் சாய்த்து, அதில் பேசுகிறவன் குரலைக் கேட்டாள். கல்யாணமான புதிதில் என் பேச்சை அப்படிக் கேட்டிருக்கிறாள்.

அவன் சொன்னது வெறும் மழை அறிவிப்பு. மாலையில் மழை வரலாம், வெளியே போகிறவர்கள் குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

அவள் உடனே பையைத் திறந்து துழாவினாள். காலையில் குடை எடுத்துக்கொள் என்று நான் சொன்னபோது ஜன்னல் பக்கம்கூடத் திரும்பாதவள்.

“குடை எடுத்துட்டு வந்திருக்கலாம்ல?” என்று என்னையே கேட்டாள்.

எனக்குப் பொறாமை. இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. வயிறு பற்றி எரிகிற பொறாமை.

குரல்காரன் என்பது நான் அவனுக்கு வைத்த பெயர். இளஞ்சூட்டு எண்ணெயைக் காதில் விட்டதுபோல இருக்கும் அந்தக் குரல். அதை வைத்துத்தான் பிழைக்கிறான்.

உப்பைக் குறை என்று நான் வருஷக்கணக்காகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறேன். என் தட்டில் உப்பு கரித்துக்கொண்டேதான் இருந்தது. குரல்காரன் ஒருநாள் பாட்டுக்கு நடுவில் சொன்னான். மறுநாளே உப்பு டப்பா கைக்கு எட்டாத மேல்தட்டுக்குப் போய்விட்டது.

தண்ணீரைக் கொதிக்க வைத்தது அவன் சொல்லி. லிஃப்ட்டை விட்டுவிட்டுப் படியேறத் தொடங்கியது அவன் சொல்லி.

தெருவே அப்படித்தான். யாருக்கும் அடங்காத எதிர்வீட்டு மெக்கானிக்கூட அவன் பேச்சைக் கேட்டு ஹெல்மெட் மாட்டிக்கொள்கிறார். ஊர் எப்படியோ போகட்டும். இவள் என் மனைவி.

நானும் அதே வானொலி நிலையத்தில்தான் வேலை பார்க்கிறேன். ஆனால் மைக் பக்கம் என்னை அண்டவிட மாட்டார்கள். எனக்கு வாய்த்தது தகர டப்பாவில் கல் போட்டு ஆட்டினாற்போல ஒரு குரல்.

“உங்க வீட்டுக்காரர் ரேடியோல பேசறாரா?” என்று யாராவது கேட்டால், “இல்லீங்க, உள்ள ஏதோ எழுத்து வேலை” என்பாள். அந்த ‘ஏதோ’வை நானும் விளக்கிச் சொன்னதில்லை.

குரல்காரனைத் தினமும் கேன்டீனில் பார்க்கிறேன். சர்க்கரையைக் குறையுங்கள் என்று மைக்கில் உருகிவிட்டு வந்து, டீயில் இனிப்பு போதவில்லை என்று சண்டை பிடிப்பான். இதையும் வீட்டில் போட்டுக் கொடுத்தேன்.

“நல்லவங்களைக் கண்டாலே உங்களுக்கு ஆகாது,” என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

அப்புறம்தான் அவள் கழுத்தில் அந்தக் கட்டி வந்தது. பட்டாணி அளவு. வலியில்லை.

டாக்டரிடம் போகலாம் என்றேன். வலிக்காததுக்கு எதுக்கு டாக்டர் என்றாள். கெஞ்சினேன். கோபித்துக்கொண்டேன். சாப்பிடாமல் படுத்தும் பார்த்தேன். என் பங்கு சாப்பாட்டை எடுத்து மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போனாள்.

மறுநாளிலிருந்து கழுத்தைச் சுற்றி ஒரு துணியைப் போட்டுக்கொண்டாள். கட்டி என் கண்ணில் படாவிட்டால் என் வாய் ஓய்ந்துவிடும் என்று கணக்கு. அவள் நிம்மதியாகக் குறட்டை விடுவாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

முந்தாநாள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால், கதவருகிலேயே நிற்கிறாள்.

“டாக்டர்கிட்ட நேரம் கேட்டு வாங்கிட்டேன். ரேடியோல அவரு சொன்னாரு. எனக்கே சொன்ன மாதிரி இருந்துச்சு. முன்ன பின்ன தெரியாதவங்க மேல எவ்வளவு அக்கறை பாருங்க!”

எனக்கு உயிர் வந்தது. கூடவே, குரல்காரன் மூக்கில் ஒரு குத்து விட வேண்டும் போலவும் இருந்தது.

“இதோ, இதுதான்!” முழங்கையால் என்னை இடித்தாள். மருத்துவமனை ஒலிபெருக்கியில் இப்போது அதே அறிவிப்பு மறுபடி வந்தது.

“கழுத்தில் கை வைத்துப் பாருங்கள். வலிக்காத கட்டிதானே என்று விட்டுவிடாதீர்கள்…”

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“நீங்கள் தூங்கிவிடுகிறீர்கள். உங்கள் பக்கத்தில் ஒருவர் தூங்காமல் கிடக்கிறார்…”

அவள் கண்ணைத் திறந்து என் பக்கம் திரும்பியதை நான் கவனிக்கவில்லை.

“அவருக்காகவாவது போய்க் காட்டுங்கள். தயவுசெய்து.”

நிமிர்ந்தபோது அவள் என் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை அசைந்துகொண்டிருந்தன என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. குரல்காரனுக்கு ஒரு சொல் முன்னால் போய்க்கொண்டிருந்திருக்கின்றன.

வாயை மூடிக்கொண்டேன்.

நர்ஸ் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் எழுந்திருக்கவில்லை. கழுத்துத் துணியை ஒரு கையால் பிடித்தபடி என்னையே பார்த்தாள். நர்ஸ் மறுபடி கூப்பிட்டார்.

அந்த நேரத்தில் ஏதாவது நல்லதாக நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வந்தது இதுதான்.

“தயவுசெய்துன்னு நான் ரெண்டு தடவை எழுதியிருந்தேன். அந்தப் பாவி ஒண்ணை முழுங்கிட்டான்.”