நாலாவது மூலையில் மஞ்சள் இல்லை

"போஸ்ட்டுல வந்த பத்திரிகைக்கெல்லாம் இந்த நாச்சிமுத்து ஊட்டை உட்டு எறங்க மாட்டான்!"

மல்லசமுத்திரத்தில் அவருடைய பங்காளிகள் ஒருத்தர் பாக்கியில்லாமல் லாரி ஏறித் திருச்செங்கோட்டு மலைக்குப் போயாகிவிட்டது. ஒன்பது மணிக்கு மலைக்கோயிலில் முகூர்த்தம். இப்போது மணி ஏழரை. நாச்சிமுத்து மட்டும் வெளுத்த வேட்டிகூடக் கட்டாமல், திண்ணையில் நாற்காலியோடு சேர்த்து வேர் விட்டவர்போல உட்கார்ந்திருந்தார்.

எதிரே நின்றவர்கள் அவருடைய கூடப்பிறந்த தங்கை பாப்பாயியும், அவள் புருஷன் அப்புசாமியும். மாலை போட்டுத் தயாராக நின்ற மகன் குழந்தைவேலை மலைமேல் விட்டுவிட்டு, டாக்ஸி பிடித்து ஓடி வந்திருந்தார்கள்.

"அதுவும் எந்தப் போஸ்ட்டு? புக் போஸ்ட்டு!" என்று நாச்சிமுத்து அப்புசாமியைப் பார்த்தார். "கவரை ஒட்டக்கூட இல்லீங்க மச்சான். எனக்கு முன்னாடி போஸ்ட்மேன் படிச்சுப்போட்டான். 'நல்லபடியா போயிட்டு வாங்க'ன்னு அவன் எனக்கு உத்தரவு தாரான்!"

"நம்ம ஊட்டுக்கு நாமளே பத்திரிகை வெக்கறதான்னு நெனச்சுப்போட்டனுங்கண்ணா. முறைக்கு ஒண்ணு கெடக்கட்டும்னு அனுப்புனது" என்றாள் பாப்பாயி.

"கெடக்கட்டுமா? இந்தா, கெடக்கற லட்சணத்தைப் பாரு அம்மிணி!" நாச்சிமுத்து பத்திரிகையை விரித்துப் பிடித்தார். "மஞ்சள் மூணு மூலையிலதான் இருக்குது. நாலாவது மூலையை அரை நாள் வெயில்ல புடிச்சுப் பார்த்தேன். கொசு உக்கார்ந்த தடம்கூட இல்லை. மேல்விலாசத்துல 'அவர்கள்' இல்லை. 'குடும்பத்துடன்' இல்லை. உள்ளே உம்பட புருஷன் பேரு பூசணிக்காய் அத்தனை, எம்பட பேரு கடுகு அத்தனை!"

"அது அச்சாபீஸ்காரன் பண்ணுனதுங்க மச்சான்" என்று அப்புசாமி கையைப் பிசைந்தார். "குழந்தைவேலுக்கு நீங்க தாய்மாமன். நீங்க வரலீன்னா அங்க தாலி ஏறாதுங்க!"

நாச்சிமுத்துவின் மீசை ஓர் அங்குலம் உயர்ந்தது. "அப்படிச் சொல்லுங்க. முறையா வெச்சா வாரேன். எங்கே, கேட்டுலிருந்து புதுசா வாங்க பார்க்கலாம்."

இருவரும் கேட்டுக்குப் போய்த் திரும்பி வந்தார்கள்.

"நீங்க முன்னால, அவ பின்னால வந்தா அதுக்குப் பேரு அழைப்புங்களா? சந்தைக்குப் போறாப்புல இருக்குது. ஜோடியா வரோணும்."

மறுபடியும் போனார்கள். இந்தத் தடவை பாப்பாயி இடது காலை எடுத்து வைத்துவிட்டாள். மூன்றாவது தடவை எல்லாம் சரியாக வந்த நேரத்தில் டாக்ஸி டிரைவர் ஹாரன் அடித்தார். அபசகுனம் என்று அதுவும் தள்ளுபடியானது.

நாலாவது தடவைதான் அவர்கள் வீட்டுக்குள் நுழைய முடிந்தது. வந்தவர்களுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்து, "எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்று ஆறு மாதம் பார்க்காதவர்போல விசாரித்தார் நாச்சிமுத்து. மழை பற்றியும் இரண்டு வார்த்தை பேசினார். பாப்பாயிக்கு அழுகை வந்துவிட்டது.

பட்டுச்சேலையும் தலை கொள்ளாத பூவுமாக, கையில் மஞ்சள் கிண்ணத்தோடு வந்தாள் அவர் மனைவி சௌந்திரம்.

"ஏனுங்க, மணி எட்டேகாலு. இந்த மஞ்சளைப் பத்திரிகைக்குப் பூசட்டுமா, உங்க மூஞ்சிக்கே பூசி உட்டுரட்டுமா?"

"நாலு மூலைக்கும் பூசு. அப்படியே எம்பட பக்கத்துல வந்து கெழக்கே பார்த்து நில்லு. ஜோடியாத்தான் வாங்கோணும்."

தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், மேலே பத்திரிகை. அப்புசாமி மனப்பாடப் பையனைப்போல ஒப்பித்தார். "எங்க பையன் குழந்தைவேலுக்குக் கல்யாணமுங்க. குடும்பத்தோட வந்து நீங்கதான் நடத்திக் குடுக்கோணுமுங்க."

நாச்சிமுத்து தாம்பாளத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முகமெல்லாம் மலர்ந்தார். "அப்படிங்களா! ரொம்பச் சந்தோசம்! முகூர்த்தம் என்னைக்குங்க?"

"இன்னைக்குங்க! இன்னும் முக்கால் மணி நேரத்துலங்க!"

"அடடா! இத்தனை அவசரத்துல சொல்றீங்களே! எனக்கு வேற ஜோலி இருக்குதான்னு பார்த்துத்தானே..." சௌந்திரம் மஞ்சள் கிண்ணத்தை உயர்த்தினாள். "சரி சரி, வாரனுங்க. முறைன்னா இதுதான் முறை!"

அவர் எழுந்து வேட்டியைத் தேடும்போது உள்ளறைக் கதவு திறந்தது. நெற்றிச்சுட்டியும் மாலையுமாக விடிகாலை நாலு மணியிலிருந்து உட்கார்ந்திருந்த அவர் மகள் வசந்தாமணி எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, இப்பவாச்சும் நான் கார்ல ஏறலாமுங்களா? கட்டிக்கப் போறவ இன்னும் இங்கதான் இருக்கறனுங்க!"