ஏழாவது லேயர்

"முந்து அனு, முந்து! இந்த பஸ்ஸுக்குப் பின்னாலயே போனா நாளைக்குத்தான் போய்ச் சேருவோம்!"

ஸ்கூட்டரின் பின்னாலிருந்து கத்தினான் லிங்கராஜ். மடியில் லேப்டாப் பை.

வண்டி ஓட்டிய அவன் மனைவி அனுஷா ஹாரனை அழுத்தினாள். தம்பானூர் நெரிசலில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே வண்டியை நுழைத்து வெளியே எடுத்தாள். மணி மூன்று நாற்பது. நாலு மணிக்கு வழுதக்காட்டில் ஆல்பம் வெளியீடு. அதற்குள் போய் வெளியீட்டை நிறுத்தியாக வேண்டும்.

காலையில்தான் விஷயம் தெரிந்தது. பல பேரின் ட்ராக்குகளை ஆதர்ஷ் என்பவன் தொகுத்த எலக்ட்ரானிக் இசை ஆல்பத்தின் டீசர் போனில் வந்தது. இருபது விநாடி கேட்டதுமே லிங்கராஜுக்குக் காது சூடாகிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் தன் சேனலில், தன் பேரில் அவன் வெளியிட்ட அதே ட்ராக். டீசரில் யார் பேரும் இல்லை.

"பேரைக்கூடப் போடாம தூக்கியிருக்கான் பாரு! என் பாட்டு அனு, என் பாட்டு!"

"கெட்டியாப் பிடிச்சுக்கோங்க, வளைவு."

"சண்டைக்குப் போறோம், உனக்கு எதுக்குப் பட்டுப்புடவை? அதைக் கட்டுறதுக்கே அரை மணி நேரம் போச்சு."

"அங்க கேமராக்காரங்க எல்லாம் இருப்பாங்கல்லா?"

வெளியீட்டு ஹாலுக்குப் பின்னால் சின்ன அறை. ஒயர்களுக்கு நடுவே ஆதர்ஷ் உட்கார்ந்திருந்தான். லிங்கராஜ் கதவைத் தட்டவில்லை, தள்ளினான்.

"எந்தா சேட்டா, இப்படி மூச்சு வாங்குது? வெள்ளம் குடிங்க." ஆதர்ஷ் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"உன் வெள்ளத்தை நீயே குடி. களவாணிப் பயலே, என் ட்ராக்கை எடுத்துட்டு உபசாரம் வேறயா?"

"உங்க ட்ராக்னு எப்படிச் சொல்றீங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் லேப்டாப் வந்திருந்தது. முடிந்த பாட்டை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு ஒலியும் தனித்தனி லேயராக, உருவாக்கியவரிடம் மட்டும்தான் இருக்கும். இந்தத் தொழிலில் அதுதான் பட்டா.

லிங்கராஜ் திறந்தான். திரையில் இருபத்துமூன்று கோடுகள்.

"அடியில அதிருற அந்த பேஸ் சத்தம் மட்டும் தனியா கேக்கட்டே," என்றான் ஆதர்ஷ்.

லிங்கராஜ் ஒன்றை அமுக்கினான், கைதட்டல் கேட்டது. இன்னொன்றை அமுக்கினான், மணிச் சத்தம். நெற்றி வியர்த்தது.

"டென்ஷன்ல ஒண்ணும் ஓடலை. அனு, பேஸ் எங்க?"

"ஏழாவது லேயர்," என்றாள் அனுஷா, கதவோரம் நின்றபடி, திரையைப் பார்க்காமலே.

அறை அதிர்ந்தது.

"கேட்டியா? இப்ப என்ன சொல்ற?"

ஆதர்ஷ் தன் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினான். அதிலும் அதே இருபத்துமூன்று கோடுகள். ஏழாவதைத் தட்டினான். அதே பேஸ்.

லிங்கராஜ் அந்தத் திரையை நோக்கிக் குனிந்தான். "இது என் வீட்டை விட்டு வெளிய போனதே இல்லையே! யாருடா குடுத்தது?"

"உண்டாக்கின ஆள்தான் சேட்டா. டீசர்ல இடமில்லாம யார் பேரையும் போடலை. ஆல்பத்துல போட்டிருக்கோம்."

"உண்டாக்கின ஆள் நான்டா! நான் எப்ப குடுத்தேன்?" லிங்கராஜ் மேஜையில் ஓங்கி அறைந்தான். "இப்பவே மேடையேறி மைக்கைப் பிடுங்கிச் சொல்றேன். அடுத்தவங்க உழைப்புல தன் பேரை ஒட்டிக்கிறவன் மனுஷனாடா?"

அனுஷா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. நிகழ்ச்சியைத் தொகுக்கும் ஜினி, கையில் மைக்கோடு எட்டிப் பார்த்தாள். அவள் கண்கள் லிங்கராஜைத் தாண்டிப் போயின.

"அனுஷா மேடம், உங்க ட்ராக்தான் முதல்ல. மேடைக்கு வர்றீங்களா?"